மாப்ள, கண்காட்சிக்குப் போறியாமே?

சனிக்கிழமை ஓவியக் கண்காட்சி, அடுத்த வாரம் கூத்துன்னு கிளம்பிட்டியாமே மாப்ள? அக்கா சொல்லுச்சு. புள்ளைக்குத் திடீர்னு கலை மேல ஆசை வந்துடுச்சுன்னு பூரிச்சுப் போய்க் கெடக்குது. நான் ஒண்ணும் கேக்கல. உன் வயசுல வர்ற கலையார்வத்துக்கு ஒரு பேரும் துப்பட்டாவும் இருக்கும்னு மாமனுக்குத் தெரியாதா? போறதுதான் போற, மானத்தோட போயிட்டு வா.

கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியில நுழைஞ்சதும் மத்தவங்க நிக்கிற தோரணையப் பாரு. கையப் பின்னால கட்டி, தலையச் சாய்ச்சு, கடன் கேட்டு வந்தவனைப் பார்க்கிற மாதிரி படத்தப் பார்ப்பாங்க. நீயும் அப்படியே நின்னுக்க. ஆனா அச்சு ஓவியம்னா அந்தத் தோரணை பத்தாது, குனியணும். கீழ் ஓரத்துல பென்சில்ல 3/15னு எழுதியிருக்கும். "அய்யோ, பதினஞ்சுக்கு மூணு மார்க்குதானா?"ன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலைக்காதே. பதினஞ்சு பிரதியில இது மூணாவதுன்னு அர்த்தம். ஒத்தைப் படமா இல்லாததால விலையும் சித்த இறக்கமா இருக்கும். தைரியமா விலை கேளு, வாங்கணும்னு சட்டமில்ல.

எச்சிங்னு எழுதியிருந்தா கதையே வேற. உலோகத் தகட்டுல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால கீறி, ஆசிட்டுல போடுவாங்க. கீறின இடத்த மட்டும் ஆசிட் அரிக்கும். அந்தப் பள்ளத்துல மைய நிரப்பி, மேல இருக்கறதத் துடைச்சு, ஈரக் காகிதத்த வச்சு உருளையில அழுத்தி எடுப்பாங்க. தகடு அழுந்தின தடம் காகிதத்துல பள்ளமா நிக்கும். விரல வைக்காதே, பக்கவாட்டுல சாஞ்சு பாரு. சாஞ்சு பார்த்தாலே பாதிப் பேரு உன்ன நிபுணன்னு நம்பிடுவாங்க. ஓவியர் பக்கத்துல நின்னா "இதுக்கு என்ன அர்த்தம்?"னு மட்டும் கேக்காதே. மனுசன் அன்னிக்கு அதே கேள்விய நாப்பது பேரு வாயில கேட்டு நொந்திருப்பாரு. "ஆசிட்டுல எவ்வளவு நேரம் போட்டீங்க?"ன்னு கேளு. டீ வாங்கிக் குடுத்துப் பேசுவாரு.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்கும் ஒரு நடை போ. கே.சி.எஸ். பணிக்கர் 1966ல ஓவியர்களச் சேர்த்து உண்டாக்கின கிராமம். பாத்திக் துணி வித்த காசுல நெலம் வாங்கினாங்க. படத்த மட்டும் நம்பினா பட்டினின்னு அப்பவே தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

கூத்துதான் உனக்குக் கண்டம். நம்ம செய்யாறு பக்கத்துல ராத்திரி பத்து மணி வாக்குல ஆரம்பிச்சா விடிய விடிய நடக்கும். முன்னால போய்ச் சப்பணம் போட்டு ஒக்காந்துட்டு, நடுராத்திரியில உன் தலை தொங்கறதக் கூத்துக் கோமாளி கட்டியங்காரன் பார்த்துட்டான்னு வையி, அன்னிக்கு மகாபாரதத்துல புதுசா வந்த பாத்திரம் நீதான். அதனால மத்தியானமே தூங்கி எந்திரிச்சிடு. பொழுதோட போனா வேஷம் கட்டுறதப் பார்க்கலாம். அரிதாரத்தக் கொழைச்சு அவங்களே பூசிக்கிட்டு, மரத்துல செஞ்ச புஜக்கட்டையும் கிரீடமும் ஏத்துவாங்க. கொஞ்சம் முன்னாடி உன்கிட்ட தீப்பெட்டி கேட்டவரு எந்திரிச்சு நிக்கிறப்ப துரியோதனன். செல்ஃபிக்குக் கூப்பிடாதே, அரச கோபம் பொல்லாதது.

கர்ண மோட்சம்னா கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி வர்ற வரைக்கும் முழிச்சிரு. புருசன் என்ன குலமோன்னு சீறுற சீறுல எதிர்ல நிக்கிற மகாரதனே தடுமாறுவான். வேஷம் கட்டினவரு என்னமோ மீசைய மழிச்ச ஆம்பளைதான். கூட வந்த பொண்ணு அப்பச் சிரிக்கும். எதுக்குச் சிரிச்சுதுன்னு ஆராயாதே.

படிச்ச பையன்னு அங்க போய் இலக்கியம் பேசிடாதே, மாப்ள. புரிசைக் கூத்துக்காரங்க கொலம்பியாவுல பொறந்த மார்க்வெஸ் கதையவே கூத்தாக் கட்டி ஆடினவங்க. நீ அவரு பேரச் சொல்லி அசத்தப் பார்த்தா, பக்கத்துல வெத்தல இடிக்கிற கெழவி "அதையும்தான் பார்த்தாச்சே"ன்னுடும்.

போர்வை எடுத்துக்க, பனி எறங்கும். வேர்க்கடலை மூணு பொட்டலமா வாங்கு. மூணாவது எனக்கு. உங்களுக்கு நாலு வரிசை பின்னால ஒக்காந்துக்கறேன். கூத்து பார்க்கத்தான் வரேன், வேற என்ன?