3 ஸ்பேட்

1974இல் எனக்கு 23 வயது. சித்தப்பா சனிக்கிழமைதோறும் எழும்பூர்ப் பக்கம் ஒரு கிளப்பில் பிரிட்ஜ் ஆடுவார். அவருடைய பார்ட்னருக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. "நீ வாடா" என்று என்னை எதிரே உட்கார வைத்தார். வீட்டில் அவருக்கு எதிரே நான் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே கிடையாது.

அப்போது ஏலம் வாயால்தான். "ஒரு கிளாவர்", "பாஸ்" என்று உரக்கச் சொல்வோம். கை நன்றாக இருந்தால் குரல் ஏறும், மோசமாக இருந்தால் இறங்கும். குரலை வைத்துப் பார்ட்னருக்குச் சேதி சொல்வது திருட்டு என்பார் சித்தப்பா. எல்லாக் கைக்கும் ஒரே குரலில் பேச ஒரு மாதம் என்னைப் பழக்கினார். எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்ற எங்கள் ஒப்பந்தங்கள் முழுவதும் அரைத்தாளில் அடங்கின. கோரன் புத்தகம்தான் ஆதாரம்: ஏஸுக்கு 4 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1, 16 முதல் 18 வரை இருந்தால் 1 நோட்ரம்ப், அதாவது துருப்பில்லாத ஆட்டம். சமமான கையில் 19, 20 என்றால் முதலில் ஒரு சூட் சொல்லிவிட்டு, அடுத்த முறை 2 நோட்ரம்புக்குத் தாவ வேண்டும்.

ஒரு சனிக்கிழமை அவர் அப்படித் தாவினார். அவர் ஒரு கிளாவர், நான் ஒரு ஸ்பேட், அவர் 2 நோட்ரம்ப். என் கையில் ராஜா, ஜாக், 8, 7, 6, 3 என்று ஆறு ஸ்பேட். மற்ற ஏழும் வெறும் சீட்டு. சீட்டுக் கணக்கில் 4 புள்ளி, இரண்டே சீட்டு இருந்த ஆர்ட்டினுக்கும் கிளாவருக்கும் ஒவ்வொன்று சேர்த்தால் 6.

நான் சொல்ல விரும்பியது ஒன்றுதான்: "என்னிடம் ஸ்பேட் நீளம், பலம் இல்லை, 3 ஸ்பேடோடு நிறுத்திக்கொள்வோம்." அதைச் சொல்ல வழியில்லை. 2 நோட்ரம்புக்கு மேல் எதைச் சொன்னாலும் பெரிய போனஸ் தரும் கேம் வரை போயாக வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். பலம் உள்ளவர் ஒரு தாவு தாவிவிட்டால், பலம் இல்லாதவன் நின்று பேச வேண்டிய படியெல்லாம் போய்விடும். பாஸ் சொல்லியிருக்கலாம். ஸ்பேட் வீணாகப் போகுமே என்று மனசு கேட்கவில்லை. ஒரே குரலில் "3 ஸ்பேட்" என்றேன். அவரிடம் ஸ்பேடில் ராணியும் 4-ம்தான். "3 நோட்ரம்ப்" என்றார்.

என் சீட்டு டம்மியாக மேஜையில் விரிந்தது. அவர் ஸ்பேட் ராணியை இறக்கினார். ஏஸ் வைத்திருந்தவர் அதைப் போடாமல் விட்டார். இரண்டாம் முறை என் ஜாக்கின் மேல் போட்டார். மிச்ச நான்கு ஸ்பேடும் ஜெயிக்கிற சீட்டு. ஆனால் சித்தப்பா கையில் ஸ்பேட் தீர்ந்துவிட்டது, டம்மிக்குப் போக வேறு வழியும் இல்லை. 9 பிடிக்கு 7தான் வந்தது. ஸ்பேட் துருப்பாக இருந்திருந்தால் அந்த நான்கும் நான்கு பிடி.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் பேசவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் ஊஞ்சல் பலகையில் 52 சீட்டையும் நினைவிலிருந்தே பிரித்துவைத்தார். 3 ஸ்பேட் வரும், தப்பில்லாமல் 9 பிடி. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் மேல தப்பில்லடா. நீ சொல்ல வேண்டியதுக்கு நம்மகிட்ட வார்த்தை இல்ல."

அந்த வார்த்தையைக் கொடுத்தவர் டெக்சாஸ்காரர் பாபி வுல்ஃப். 1970, 1971 இரண்டு ஆண்டும் உலகக் கோப்பை வென்ற டல்லாஸ் ஏசஸ் அணியில் ஆடியவர். இந்த மாதிரி யோசனைக்கு அதற்கு முன்பே வழி திறந்திருந்தது. 1 நோட்ரம்புக்கு 2 கிளாவர் என்று சொன்னால் கிளாவரைக் குறிப்பதில்லை, 'நாலு சீட்டு ஆர்ட்டினோ ஸ்பேடோ உண்டா' என்ற கேள்வி. ஜார்ஜ் ரப்பே யோசித்தது, 1945இல் சாம் ஸ்டேமன் எழுதியதால் ஸ்டேமன் என்றே பெயர் நின்றது. 1956இல் ஆஸ்வால்ட் ஜேகபி ஒரு சூட்டைச் சொல்லி அதற்கு அடுத்ததைக் குறிக்கும் முறையை எழுதினார். வுல்ஃப் முறையில், தாவிய 2 நோட்ரம்புக்குப் பிறகு வரும் 3 கிளாவர், '3 டைமன் சொல்லுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்' என்ற வேண்டுகோள். அதன்பின் வரும் 3 ஸ்பேட், நிறுத்து என்று பொருள். கிளாவரைக் கிளாவராகவே சொல்லும் வசதி போய்விடும். என்னைக் கேட்டால் கொடுக்கத் தகுந்த விலைதான். பலம் குறைந்த கைகள் நிறைய வருகின்றன, அவற்றுக்கும் பேசத் தெரிய வேண்டும்.

சித்தப்பா இதைக் கேள்விப்படாமலே போய்ச் சேர்ந்தார்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் பேத்தி. 2020 ஊரடங்கில் வேறு ஊரில் அகப்பட்டுக்கொண்டவள், பிரிட்ஜ் பேஸ் ஆன்லைனில் எனக்குப் பார்ட்னரானாள். எங்கள் ஒப்பந்தம் இப்போது பதினோரு பக்கம். 1 நோட்ரம்ப் 15 முதல் 17, தாவிய 2 நோட்ரம்ப் 18, 19. குரலே இல்லை. சொன்னதன் பொருளை எதிராளிகளுக்குத் தட்டச்சு செய்தால் அது பார்ட்னருக்குத் தெரியாது. சித்தப்பா ஒரு மாதம் பாடுபட்டுக் கற்பித்ததைத் திரை தானாகவே செய்துவிடுகிறது. அவர் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

போன வாரம் என் கையில் 19. ஒரு கிளாவர் என்றேன், அவள் ஒரு ஸ்பேட். 2 நோட்ரம்புக்குத் தாவினேன். 3 கிளாவர் வந்தது. 3 டைமன் என்றேன். 3 ஸ்பேட்.

மூன்று ஏஸ் கையில் இருக்கிறது. ஒரு படி ஏறினால் கேம். விரல் ஒரு கணம் நின்றது. 'தாத்தா, என்கிட்ட ஒண்ணும் இல்ல, இங்கயே நிறுத்துங்க' என்கிறாள் குழந்தை. பாஸை அழுத்தினேன்.

9 பிடி. 140. அடுத்த கை விழுந்துவிட்டது.