கெடாத தக்காளி உருவாக்குவது எப்படி?

முதலில் நாக்கைக் கட்டுங்கள். நீண்ட நாள் தாங்கும் தக்காளியைத் தேர்ந்தெடுக்கக் கட்டைவிரல் ஒன்று போதும். செடிக்கு ஐந்தாறு பழம் பறித்து, செடி எண்ணும் தேதியும் எழுதிய சீட்டோடு அலமாரியில் அடுக்குங்கள். தினமும் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் குழம்புக்கு, அமுங்காவிட்டால் விதைக்கு. "நல்ல பழத்தையெல்லாம் எங்களுக்குத் தள்ளிவிட்டுக் கல்லைச் சேர்த்து வைக்கிறீங்களே" என்று வீட்டில் கேட்டால், ஆராய்ச்சி என்று சொல்லிவிடுங்கள்.

அவசரக்காரர்களுக்கு 'ரின்' இருக்கிறது. சோப்பு இல்லை, மரபணுப் பிறழ்வு. தாய் தந்தை இருபக்கமும் அது வந்தால் பழம் மஞ்சளோடு நின்றுவிடும்; மாதக்கணக்கில் கெடாது, சிவக்கவும் சிவக்காது. சாதாரண ரகத்தோடு கலந்தால் பிறக்கும் வீரிய ஒட்டுரகம் மெல்லச் சிவந்து வாரக்கணக்கில் தாங்கும். விவசாயி அதில் விதை எடுத்தால் அடுத்த போகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு செடியின் காய் பழுக்கவே பழுக்காது. விதைக்கடைக்காரருக்கு இதில் வருத்தமில்லை.

வாசனையா? நிறம், குழைவு, மணம் மூன்றும் எத்திலீன் வாயு ஓட்டும் ஒரே பஸ்ஸில் வருகிற பயணிகள். குழைவை மட்டும் இறக்கிவிடப் பார்த்தது கலிபோர்னியா டேவிஸ் நகரின் கால்ஜீன் நிறுவனம். பழத்தைக் குழையவைக்கும் நொதி ஒன்றை அடக்கி, 1994ல் 'ஃப்ளேவர் சேவர்' தக்காளியைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். செடியிலேயே பழுத்ததைப் பெட்டியில் ஏற்றினால் அப்போதும் நசுங்கியது. சில வருஷத்தில் கடையைவிட்டே போய்விட்டது. பெயரில் சுவையைச் சேர்த்தபோதே யாராவது தடுத்திருக்கலாம்.

காம்புப் பக்கம் கரும்பச்சைத் தோள் உள்ள காயைக் கழித்துவிடுங்கள். ஒரே நிறமாக இருந்தால்தான் வியாபாரி மதிப்பார். அந்தப் பச்சைதான் பழத்துக்குக் கூடுதல் சர்க்கரை சேர்க்கிறது என்று 2012ல் விளங்கியது. அதற்குள் பெரும்பாலான சந்தை ரகங்களிலிருந்து அதைத் துடைத்தாயிற்று.

ஸ்பெயினின் கட்டலோனியாக்காரர்களிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். அவர்கள் நூலில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடும் தக்காளி குளிர்காலம் வரை தாங்குகிறது. குறுக்கே அறுத்து ரொட்டியில் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவித் தின்கிறார்கள். விதைக்கு எடுத்தவரே தின்னவும் செய்தால் தொழில் ஒழுக்கம் எங்கே நிற்கும்?

அலமாரியில் கடைசியாக மிஞ்சுவதுதான் உங்கள் ரகம். அறுத்ததும் உள்ளே விதை முளைத்து வெள்ளை வேர் நெளிந்தால் பதறவேண்டாம். நாற்றங்கால் செலவு மிச்சம். ரசத்துக்கு மட்டும் புளியைக் கொஞ்சம் கூடுதலாகக் கரைக்கச் சொல்லுங்கள்.