பர்வதமலைப் பிரயாண நிர்ணயம்

மலையேறுவது வேறு, மலையேறத் திட்டமிடுவது வேறு என்னும் பேதத்தை நம்மவர் இதுகாறும் செவ்வனே உணராமையால், முன்னதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தும் பின்னதைப் பற்றி ஒரு சிறு பிரபந்தமேனும் தோன்றாத குறை நம் மொழிக்கு நேர்ந்திருக்கிறது. விடியலில் புறப்பட்டு, காட்டுவழியே உச்சியை அடைந்து, கண்ணாரக் காட்சி கண்டு, பொழுது சாயுமுன் அடிவாரம் திரும்புவதாகிய ஒருநாள் மலையேற்றத்தில், மலையால் விளையும் சந்தேகம் ஏதுமில்லை. அது நேற்று இருந்த இடத்திலேயே நாளையும் இருக்கும். நிச்சயமற்றவை யாவும் அடிவாரத்துக்கு இப்பால் நிகழ்பவை. ஆகவே ஆராய்ச்சிக்குரிய பொருள் மலையன்று. ஏற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பு ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, இக்காலத்தில் கைப்பேசிக் குழுவிலோ கூடுகின்ற ஆலோசனைச் சபையே என்பது எம் துணிபு.

இத்துணிபை நிறுவுவதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையை யாம் தேர்ந்தெடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. தென்மாதிமங்கலம் வழியாகவும் கடலாடி வழியாகவும் ஏறத்தக்கதும், ஊரார் கணக்கில் 4,500 அடிக்கு மேற்பட்டதும், உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும் எழுந்தருளியிருப்பதுமாகிய இம்மலையே, பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தில் கூறப்படும் நவிரமலை என்பது அறிஞர் கொள்கை. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள் முதலாக அப்பாட்டைப் புலவர்கள் ஆற்றுப்படை என்றும், பாட்டுடைத் தலைவனாகிய நன்னன் புகழ் என்றும், உவமை நயம் என்றும் பலவாறு பாராட்டி வந்திருக்கிறார்களேயன்றி, 583 அடிகளில் அமைந்த அந்நூல் உண்மையில் ஒரு மலைப் பிரயாணத் திட்டம் என்பதை எடுத்துரைத்தாரில்லை. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு வழியைச் சொல்கிறான்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எங்கே ஒளிந்திருக்கும், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் அவன் கூறும் விவரம், இன்றைய ஆலோசனைச் சபை எதிலும் எம் செவிக்கு எட்டியதில்லை.

அந்நூலின் உபாயங்களுள் ஒன்று தனியே சிந்திக்கத்தக்கது. குறவரே திகைக்கும்படியான இடத்தில் வழி தப்பினால், அகன்ற பாறையில் கூடியிருந்து கையிலுள்ள வாத்தியங்களை முழக்க வேண்டும். ஓசை கேட்ட கானவர் வந்து வழிகாட்டுவர் என்பது அக்கூத்தன் வாக்கு. இக்காலத்து மலையேறிகளும் புளூடூத் ஸ்பீக்கர் என்னும் வாத்தியத்தை முதுகில் சுமந்து, வழி தப்பாதபோதும் இடைவிடாது முழக்கியவண்ணமே செல்கிறார்கள். ஓசை கேட்டு எவரும் வந்ததாகத் தெரியவில்லை. அங்கிருந்த விலங்குகளும் விலகிப் போயின என்றே கொள்ள வேண்டும்.

இனி கணிதம். ஸ்காட்லாந்து தேசத்து மலையேறியாகிய வில்லியம் நெய்ஸ்மித் என்பவர், மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கு மேலும் ஒரு மணி நேரமும் கணக்கிட வேண்டுமென்று 1892இல் ஒரு விதியை வகுத்தார். பர்வதமலையின் ஏற்றத்தை ஏறத்தாழ 4,000 அடியென்று கொண்டால், உயரத்துக்கு மட்டும் இரண்டு மணியும், தூரத்துக்கு ஒரு மணியும் ஆகின்றன. விதி பிழையற்றது, ஆனால் அதை வகுத்த பெருமகனார், படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று குழுவாகப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும், மோர் விற்பவரைக் கண்ட மாத்திரத்தில் கால்கள் தாமே நின்றுவிடும் இயல்பையும் அறியார். தண்ணீரைப் பற்றிய கணிதமோ இன்னும் எளிது. தலைக்கு மூன்று லிட்டர் வேண்டும் என்று எண்மர் கொண்ட சபை ஏகமனதாக ஒப்புக்கொள்ளும். அது மொத்தம் 24 கிலோ எடை என்று ஒருவர் எடுத்துரைத்த கணத்திலேயே, மேலே சுனை இருக்கும் என்ற ஐதீகம் சபையில் பிறந்துவிடும்.

ஆகாரத்தைப் பற்றிய சர்ச்சையே ஆலோசனையின் ஜீவநாடி. புளியோதரைப் பட்சத்தார், புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடாமல் காக்கின்றன என்ற வலுவான நியாயத்தை உடையவர்கள். இட்லிப் பட்சத்தார், மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியை ஒரு கையால் உண்டு மறு கையால் சங்கிலியைப் பற்றலாம் என்று வாதிக்கிறார்கள். இது உச்சியை அடுத்த கடப்பாறைப் பகுதியை நேரில் கண்டவர் வாதம் அன்று. பாறையில் அறைந்த கடப்பாறைகளையும் சங்கிலிகளையும் பற்றி ஏற வேண்டிய அவ்விடத்தில் இரண்டு கையும் போதாது. மூன்றாவது கை இருந்தாலும் அதை இட்லிக்கு ஒதுக்குவார் இலர். இவ்விரு பட்சங்களுக்கும் அப்பாற்பட்டது தயிர்சாதம். விடியலில் குழைந்த சோற்றில் பாலை ஊற்றி ஒரு கரண்டி மோர் மட்டும் கலந்து மூடினால், நடுப்பகலில் திறக்கும்போது புளிக்காத தயிர்சாதமாக அது பரிணமித்திருக்கும் என்பதைப் பாட்டிமார் அறிவர். குழுவினர் அனைவரிலும் சொன்ன நேரத்துக்குத் தயாராகும் ஒரே உறுப்பினர் இதுவே. ஆயினும் நுண்ணிதின் நோக்கினால் இங்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி வீதம் காற்றின் வெப்பம் குறையுமாதலால், பர்வதமலை உச்சி அடிவாரத்தைவிட ஏறக்குறைய எட்டு டிகிரி குளிர்ந்திருக்கும். பால் உறைவதும் அதற்கேற்பத் தாமதிக்கும். எனவே மலையேற்றத் தயிர்சாதத்துக்கு மோர் அரைக் கரண்டி கூடுதலாக வேண்டும் என்பது எம் சித்தாந்தம். வானரங்கள் இத்திருத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவை எந்நிலையிலும் ஏற்றுக்கொள்கின்றன.

பருவத்தைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையில் பாறை வழுக்கும், வெயிற்காலத்தில் பாறை சுடும். ஆதலால் ஜனவரியும் பிப்ரவரியுமே உகந்த மாதங்கள். சபை கூடுவதும் அம்மாதங்களிலேயே; பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று அது நாள் குறிப்பதோ மே மாதத்தில். புறப்படும் நேரமோ, ஐந்து மணிக்கு வரவேண்டியவர்களிடம் நான்கு என்று சொல்லப்படுவது. அப்படித்தான் சொல்வார்கள் என்பதை அறிந்த அவர்கள் ஆறுக்கு வருவார்கள். அதையும் அறிந்தவர்கள் அடுத்த முறை மூன்று என்பார்கள். இத்தொடருக்கு முடிவு காண்பது கணித மேதைகளின் வேலை.

இத்தனை ஆராய்ச்சிக்குப் பின்னும் ஆலோசனைச் சபைகள் தொடாது விட்ட ஒரு பிரிவு உண்டென்றால், அது இறக்கம். ஏறியவர் இறங்க வேண்டும் என்பது எவரும் மறுக்காத உண்மையாயினும், அதற்கு நேரமோ, நீரோ, ஆகாரமோ ஒதுக்கிய திட்டம் எதையும் யாம் கண்டிலோம். ஜனவரியில் சூரியன் ஆறு மணியளவில் மறைய, இந்நிலப்பகுதியில் அந்தியும் சிறிது நேரமே நிற்குமாதலால், ஒரு மணிக்குள் உச்சியை விட்டு நீங்காதவர் கீழ்ப்படிகளைக் கைவிளக்கால் தேட வேண்டிவரும். இதனினும் முக்கியமானது தொடைத் தசையின் தத்துவம். ஏறும்போது அது சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ உடலின் பாரத்தைத் தாங்கியபடியே நீள்கிறது. நீண்டுகொண்டே உழைக்கும் தசைக்கே சேதம் அதிகம். அந்த வலியும் உடனே தோன்றாமல் மறுநாள் தலைகாட்டி, இரண்டொரு நாளில் பூரணத்துவம் அடைகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மலையேறியவர், செவ்வாய்க்கிழமை மாலை ஆபீசு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக இறங்குவதைச் சிப்பந்திகள் யாவரும் காண நேர்கிறது. வெள்ளிக்கிழமை ஏறின், வலியின் உச்சகாலம் ஞாயிறன்று சொந்த வீட்டுச் சாய்வு நாற்காலியில் எவர் கண்ணிலும் படாமல் கழியும்.

இவ்வபிப்பிராயத்தைச் சபையில் யாம் சமர்ப்பித்தபோது எல்லோரும் கொள்கையளவில் அங்கீகரித்தனர். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுக்க எவரும் முன்வராமையால், நாள் நிர்ணயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்துக்குப் போண்டா யார் வீட்டிலிருந்து வரவேண்டும் என்பது மட்டும் அன்றே தீர்மானமாயிற்று.