சுவருக்குக் கண் கூசாது

சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடை முன் காரை நிறுத்தினால் போதும். "எல்.இ.டி. போட்டுடலாமா சார்?" சற்று நேரத்தில் ஹெட்லைட்டின் 55 வாட் ஹாலஜன் கழன்று, 6,000 கெல்வின் வெள்ளை வெளிச்சம் வந்து உட்கார்ந்துவிடும். கடைச் சுவரில் அடித்துக் காட்டும்போது பிரமாதம்தான்.

ஹாலஜன் இழை எரியும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துச் செய்தது உள்ளிருக்கும் ரிஃப்ளெக்டர். எல்.இ.டி. சில்லு அங்கிருந்து சற்றே பிசகினாலும், சாலையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவர் முகத்தில் விழும். லோ பீம் என்பது அப்புறம் ஸ்விட்சில் மட்டும்தான். கண் கூசிய அவரும் மறுவாரம் அதே கடைக்கு வருகிறார். (வியாபாரம் இப்படித்தான் பெருகுகிறது.)

மழையென்றால் அந்த வெளிச்சம் துளிகளில் பட்டுச் சிதறி, போட்டவர் கண்ணுக்கே திரும்பும்.

வெளிச்சம் போதவில்லையென்றால், முதலில் மஞ்சளடித்துப்போன லென்ஸைப் பாலிஷ் போட்டு, பீம் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள். செலவும் குறைவு.