சப்வூஃபரைக் கருக்குவது எப்படி?

புது சப்வூஃபர் வாங்கியாயிற்று. டிக்கியை அதன் பெட்டியே அடைத்துக்கொண்டுவிட்டது. ஒரு மஞ்சப்பைக்குக்கூட இடமில்லை. இனி அதைச் சீக்கிரமாகக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாமா? நாலே படிதான்.

1. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 1200 வாட்ஸை அப்படியே நம்புங்கள். மூலையில் பொடி எழுத்தில் 'ஆர்எம்எஸ் 300' என்றிருக்கும்; தொடர்ந்து தாங்கும் சக்தி அதுதான். அதைப் படிக்க வேண்டாம். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

2. ஆம்ப்ளிஃபயரில் 'கெயின்' என்று ஒரு சின்னத் திருகு உண்டு. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் 2 வோல்ட்டோ 4 வோல்ட்டோ, அதற்கேற்ப ஆம்ப்ளிஃபயரை ஒத்துப்போக வைப்பது அதன் வேலை. நமக்கெதற்கு அந்த வம்பு? அதுவும் ஒரு வால்யூம்தான் என்று வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரால் கடைசிவரை திருகிவிடுங்கள்.

3. பேஸ் பூஸ்டை 12 டெசிபலுக்கு ஏற்றுங்கள். அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய 16 மடங்கு சக்தி தர வேண்டிவரும். அதனால் முடியாது. முடியாதபோது அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படும். 'கிளிப்பிங்' என்பது இதுதான். முழுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல இரண்டு மடங்கு சக்தியை வாய்ஸ் காயிலுக்குள் இறக்கும். அதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறும்.

4. 'தும் தும்' என்றிருந்தது 'பர்ர்ர்' என்று கிழிகிறதா? வால்யூமை இன்னும் கூட்டுங்கள். காயிலின் வார்னிஷும் பசையும் கருகும் வாடை வந்தால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு கோனை இரண்டு கையாலும் மெல்ல அமுக்கிப் பாருங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் காரியம் கைகூடிவிட்டது.

மறந்தும் செய்யக் கூடாதவை

சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட், லவுட்னஸ், ஈக்வலைசர் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கி, கெயினை அடிமட்டத்தில் வைத்து, ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசி ஏற்றி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடாதீர்கள். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைக்காதீர்கள். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மலிவு மீட்டர்கூடச் சரியாகக் காட்டித் தொலைக்கும்.

கணக்கும் போடாதீர்கள்: ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் இரண்டில் எதன் ஆர்எம்எஸ் குறைவோ அதை ஓம்ஸால் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. 300 வாட்ஸ், 4 ஓம்ஸ் என்றால் 34.6 வோல்ட். கெயினை மெல்ல ஏற்றி, மீட்டர் அதைத் தொடும் இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்குப்பின் ஸ்டீரியோவை முக்காலுக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் சப்வூஃபர் வருஷக்கணக்கில் உழைத்துவிடும்.

கருகிய காயிலுக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. மல்டிமீட்டர் சில நூறு ரூபாய், சப்வூஃபர் பல ஆயிரம். எதை வாங்குவது என்பது உங்கள் இஷ்டம்.