காசு கொடுத்து நடப்பவர்கள்

ஐ.டி. வேலையை உதறிவிட்டு மலையேற்ற வழிகாட்டியானால் நன்றாகச் சம்பாதிக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தேனுக்கும் கடுக்காய்க்கும் புளிக்கும் காடேறியவர்கள். பாறையில் தொங்கித் தேன் எடுப்பவருக்கு ஹெல்மெட் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, செல்ஃபி எடுத்துவிட ஆளும் கிடையாது. ஆகவே அது சாகசம் ஆகாது, பிழைப்பு. அதே சரிவில் சென்னைக்காரர் காசு கட்டி மூச்சு வாங்கினால்தான் சாகசம்.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. முன்பதிவு, கட்டணம், உள்ளூர் வழிகாட்டிகள். நல்ல காரியம்தான். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ மலையேறப் போனவர்களைக் கொன்ற பிறகு இந்த ஒழுங்கு கட்டாயம் வேண்டும்.

ஆனால் ‘காட்டு வேலை, கை நிறையக் காசு’ என்ற அழைப்பு ஜவ்வாது மலைக்குப் புதிதல்ல. செம்மரக் கடத்தல் தரகர்கள் அதைச் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். இரவு நடை, தோளில் மரம், ஊரில் கனவிலும் கிடைக்காத கூலி. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. தப்பி வந்தவர்களுக்கு இருட்டுக் காட்டில் நடந்த அனுபவம் ஏராளம். எந்த வழிகாட்டி வேலை விண்ணப்பத்திலும் அதை எழுத முடியாது.