தாம்பரம் வட்டாரத்துக் கூர்மூலை எழுத்துகள்: ஓர் ஆய்வு

ஜிஎஸ்டி சாலை ஷேர் ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் மின்னும் ரேடியம் எழுத்துகளைத் தமிழறிஞர்கள் இதுவரை சீந்தவில்லை. தமிழி கல்வெட்டைத் தேடி மாங்குளம் மலையேறுகிறவர்கள், இரும்புலியூர் நெரிசலில் மூக்குக்கு நேரே நிற்கும் ‘அம்மா துணை’யை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

இவ்வெழுத்தின் முதல் விதி: வளைவு ஆகாது. காரணம் அழகியல் அன்று, பிளேடு. ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தால் நேர்க்கோடு. வளைக்கப் போனால் ஸ்டிக்கர் பிசிறும். ஓலையில் நேர்மாறு. எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை நரம்போடு கிழியும் என்பதால்தான் நம் எழுத்து உருண்டது என்பார்கள். ஓலை உருட்டியதைப் பிளேடு மறுபடி மடக்கிவிட்டது. பால் ரென்னரின் ஃபியூச்சுரா எழுத்துரு (1927) வடிவியல் எழுத்துக்குப் பேர்போனது. ஆனாலும் அதில் வட்டம் உண்டு. நம் ஸ்டிக்கர் கடைக்காரர் அத்தனை இளகிய மனம் படைத்தவர் அல்லர்.

வட்டாரத்துக்கு இந்தக் கூர்முனைப் பற்று புதிதன்று. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்ததும் செதுக்கிய கற்கருவிதான். இடைப்பட்ட சில லட்சம் ஆண்டுகளுக்குச் சான்று கிடைக்கவில்லை என்பது இக்கொள்கையின் சிறு பலவீனம்.

ஊர்களில் பம்மல் உத்தமம்: ப பிறவியிலேயே மூலைக்காரன், ம-வின் சுழியும் பெட்டிக்குள் அடங்கிவிடும், ல மட்டும் முரண்டு பிடிக்கும். குரோம்பேட்டையில் இரட்டைக்கொம்பு இரண்டு, ஐகாரக்கொம்பு ஒன்று. கூலி பேசிக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். இரும்புலியூரின் முதலெழுத்தை ஒரு வண்டியில் பார்த்தேன்: ஹால், சமையலறை, பின்னால் குளியலறை என்று வீட்டு பிளான்போலவே இருந்தது. நல்லவேளை, பழைய ணை-யின் தும்பிக்கையை 1978 அரசாணை நீக்கியது. இல்லாவிட்டால் ‘துணை’ என்று வெட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

புள்ளிக்குத் தனி அத்தியாயமே தேவை. அது இங்கே சாய்சதுரம். பொடித்துண்டு, நாலு மூலை. வெயிலில் முதலில் சுருண்டு எழும்புவது அதுதான். அடுத்த மழையில் உதிர்ந்து ‘தாம்பரம்’ ‘தாமபரம’ ஆகிவிடும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்ற தொல்காப்பியர் விதி ஒரு கோடையைத் தாங்கவில்லை. ஆனால் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி கிடையாது, உ.வே.சா. அப்படித்தான் படித்துப் பதிப்பித்தார். ஆகவே ஆட்டோக்காரரைப் பிழைக்காகப் பழிப்பவர் சுவடியியல் அறியாதவர் என்றே கொள்க.

இப்போது கம்ப்யூட்டர் கட்டிங் மெஷின் வந்துவிட்டது. வளைவும் நேர்க்கோடும் அதற்கு ஒன்றுதான். ஆனாலும் “கூரா வெட்டுங்கண்ணா, அதான் கெத்து” என்று கேட்டு வாங்குகிறார்கள். பிளேடு போனபின்னும் மூலை நிற்பது ஏன் என்பது பெரிய ஆய்வுக்கு உரியது. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் தாம்பரம் வரலாம். சான்றுகள் நெடுநேரம் நகராமல் நிற்கும்.